எட்டு நூல் சேர்ந்தால் ஓர் அங்குலம்

மன்னார்குடி,
16-2-2010, செவ்வாய்க்கிழமை

அமெரிக்காவில் ஒஹையோவில் வசிக்கும், என் மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை புகழேந்தி அவர்களுக்கு, லேடீஸ் டைலர் வைரக்கண்ணு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை மங்களாம்பிகையும் உடம்பளவில் நலம். மற்ற அளவுகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இதில் எங்காவது மரியாதை குறைந்தால் அது பேனாவின் குற்றம் என்று எடுத்துக்கொள்ளவும். மாப்பிள்ளையை ஒருமையில் எழுதிவிடக் கூடாதென்று அத்தை என் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

பொங்கலுக்கு நீங்களும் பூவிழியும் வந்தீர்கள், சந்தோஷம். இரண்டு பெட்டி கொண்டுவந்தீர்கள். ஒன்றில் எல்லாருக்கும் சட்டையும் சாக்லேட்டும். இன்னொன்றை நீங்களே பூட்டினீர்கள், நீங்களே திறந்தீர்கள். உள்ளே கம்பெனி ரகசியம் இருக்கும் என்று அதன்மேல் தூசி படாமல் அத்தை தன் பழைய பட்டுச்சேலையைப் போர்த்தி வைத்தாள். மாட்டுப்பொங்கலன்று திறந்தீர்கள். கட்டம் போட்ட பச்சை ரப்பர் பலகை, கண்ணாடி மாதிரி ஒரு ஸ்கேல், கைப்பிடியில் சக்கரம் சுழலுகிற ஒரு கத்தி, எல்லாம் துணி வெட்டுகிற சாமான்! நான் முப்பத்து நான்கு வருஷமாகக் கத்தரிக்கோல் பிடித்த விரல் காய்த்துப்போய், எதற்காக என் மகளை மிஷின் பக்கமே அண்டவிடாமல் இஞ்சினியருக்குப் படிக்கவைத்து, இன்னொரு இஞ்சினியராகத் தேடி, உங்கள் ஊர் குடவாசலுக்கும் மன்னார்குடிக்கும் செருப்புத் தேய நடந்து கட்டிக்கொடுத்தேன்? அவள் வீட்டில் தையல் மிஷின் சத்தம் கேட்கக் கூடாது என்றுதான். கேட்கிறதாமே. அங்கே அவள் ஆபீஸ் போய்விட்டு வருகிறாளாம், நீங்கள் தைக்கிறீர்களாம்.

மறுநாள், "கடைக்கு வரேன் மாமா, சும்மா உட்கார்ந்திருக்கேன்" என்று சொல்லி வந்தீர்கள். சும்மாவா உட்கார்ந்தீர்கள்? என் இரண்டாவது மிஷினில் உட்கார்ந்து, மிச்சம் விழுந்த ரவிக்கைத் துணியில் அரக்கையும் சந்தன நிறத்தையும் பொறுக்கி, இரண்டு முக்கோணத்தை நீளப் பக்கத்தில் சேர்த்துத் தைத்து ஒரு சதுரமாக்குகிறேன், இப்படி அறுபத்து நாலு சேர்த்தால் ஒரு போர்வை என்றீர்கள். யாருக்கு என்று கேட்டேன். "யாருக்குமில்ல மாமா" என்றீர்கள். ஆளே இல்லாமல் அளவெடுத்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து ஜன்னத் பீவி வந்தார்கள். இருபது வருஷமாக அந்தக் குடும்பத்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் நான்தான் தைக்கிறேன். வந்தவர்கள் அளவு ரவிக்கையை நேராக உங்கள் கையில் கொடுத்து, "புதுசா ஆள் போட்டிருக்கீங்களாண்ணே? கை கொஞ்சம் இறக்கமா வைக்கச் சொல்லுங்க" என்றார்கள். நீங்களாவது மறுக்கக் கூடாதா? "சரிங்கம்மா" என்று வாங்கி வைத்துக்கொண்டீர்கள். நான் எழுந்து, "இவரு என் மாப்பிள்ளைங்க, அமெரிக்காவுல இஞ்சினியரு" என்றேன். அவர்கள் உங்களை ஏற இறங்கப் பார்த்து, "அப்பறம் ஏண்ணே தைக்கிறாரு?" என்றார்கள்.

அந்த எரிச்சலில்தான் சொன்னேன், அறுபத்து நாலு என்ன அறுபத்து நாலு, ஒரு காலையில் தைத்துப்போடுகிறேன் பாருங்கள் என்று. முக்கோணம் முக்கோணமாக வெட்டி அடுக்கினேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "மாமா, முக்கோணமா வெட்டிட்டுத் தைக்காதீங்க. கிராஸ்ல வெட்டுன துணி இழுத்துக்கும். ரெண்டு சதுரத்த ஒண்ணு மேல ஒண்ணு வச்சு, நடுவுல மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டுக்கு ரெண்டு பக்கமும் தச்சுட்டு அப்பறம் கோட்டுல வெட்டுங்க." தைத்துவிட்டு வெட்டுவதா? எங்கள் தொழிலில் தைத்த பிறகு வெட்டுகிறவன், துணியைக் கெடுத்துவிட்டு மறைக்கப் பார்க்கிறவன். நான் கேட்கவில்லை. இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன். "தேய்க்காதீங்க மாமா, வச்சு வச்சு எடுங்க" என்றீர்கள். தேய்க்காமல் வைத்து எடுப்பதற்கா அதைத் தேய்ப்புப் பெட்டி என்கிறோம்? நன்றாக இழுத்தே தேய்த்தேன்.

எட்டுத் துண்டைச் சேர்த்து ஒரு வரிசை தைத்து முடித்தேன். இருபத்து நாலரை அங்குலம் வரவேண்டும் என்றீர்கள். டேப்பின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை, இன்னும் போகாமல் வேடிக்கை பார்த்து நின்ற ஜன்னத் பீவி தாமாகவே வந்து பிடித்துக்கொண்டார்கள். இருபத்து மூன்றரை. முனை வேறு ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி, வரிசை வாய்க்கால் மாதிரி வளைந்து கிடந்தது. நீங்கள் மெதுவாகத்தான் சொன்னீர்கள், இல்லையென்று சொல்லமாட்டேன்: "ஒவ்வொண்ணுலயும் ஒரு நூல்தான் மாமா கொறையுது." அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல் என்பதை என்னிடமே கற்றுக்கொண்டு என்னிடமே சொன்னீர்கள். எட்டுத் துண்டு, எட்டு நூல், ஓர் அங்குலம். உடனே ஜன்னத் பீவி, "அப்ப என் ரவிக்கையெல்லாம்?" என்றார்கள்.

மாப்பிள்ளை, ரவிக்கையில் ஒரு நூல் போனால் யாருக்கும் தெரியாது. ஏனென்றால் ரவிக்கைக்குள் ஓர் ஆள் இருக்கிறாள், மூச்சுவிடுகிறாள், கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறாள். முக்கோணத்துக்குள் யார் இருக்கிறார்கள்? அன்றிலிருந்து இன்றுவரை பதினோரு ரவிக்கை கடைக்குத் திரும்பி வந்திருக்கிறது. எல்லாம் போன வருஷம் தைத்தவை, எல்லாம் சரியாக இருந்தவை. "ஒரு தடவ அளந்து பாத்துருங்களேன்" என்கிறார்கள். நான் அளக்கிறேன்.

இனி எழுதப்போவதற்காக அத்தையை அடுப்பைப் பார்க்க அனுப்பிவிட்டேன். அன்று மத்தியானம் கடையில் ஆளில்லாதபோது உங்களிடம் கேட்டேன், "இதையெல்லாம் எப்ப மாப்பிள்ளை கத்துக்கிட்டீங்க? ஆபீஸ் வேலைக்கு நடுவுல நேரம் ஏது?" நீங்கள் மிதிப்பதை நிறுத்தவில்லை. "ஆபீஸ் இல்ல மாமா. வேலை போயி பதினோரு மாசம் ஆவுது" என்றீர்கள். என் கால் நின்றுவிட்டது. உங்கள் தையல் கோணாமல் போய்க்கொண்டே இருந்தது. பூவிழிக்குத் தெரியும், எங்களுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவோம் என்றுதான் சொல்லவில்லை என்றீர்கள். பதினோரு மாசம்! வாராவாரம் போனில் அவள், "அவரு இப்ப வீட்லதாம்மா இருக்காரு" என்று சொன்னபோதெல்லாம், கம்பெனியே நம்பி வீட்டில் உட்காரவைத்து வேலை வாங்குகிறது, எவ்வளவு பெரிய பதவி என்று உங்கள் அத்தை தெருவெல்லாம் சொல்லி, உங்கள் பேருக்கு இரண்டு தடவை அர்ச்சனையும் செய்துவிட்டாள். அந்தப் பதவி போன விஷயத்தை அவளிடம் இன்னும் நான் சொல்லவில்லை. சொல்ல நான் ஆளில்லை. அதுவும் உங்கள் வேலை.

வேலை போனதற்காக எனக்குக் கோபமில்லை. ஊரில் யாருக்குத்தான் போகவில்லை? ஆனால் பிறகு ஒன்று சொன்னீர்கள் பாருங்கள், அதற்குத்தான் கோபம். "வேலை போனப்பறம் எதப் போட்டாலும் சரியா வரல மாமா. எழுபது எடத்துக்கு எழுதிப் போட்டேன். இது ஒண்ணுதான் அளந்து தச்சா அளந்தபடி வருது" என்றீர்கள். இதைப் பதினோரு மாசம் மிஷினிடம் சொல்லியிருக்கிறீர்கள், மாமனாரிடம் சொல்லவில்லை. நான் யார், துணி கொடுக்க வந்தவனா? சரி, அன்றைக்காவது நான் நாலு வார்த்தை ஆறுதலாகப் பேசியிருக்க வேண்டும். என்ன பேசினேன்? "பாபின்ல நூல் தீரப்போவுது, பாருங்க" என்றேன். வேறு ஒன்றும் வரவில்லை. ராத்திரி பஸ்ஸேற்றிவிடும்போதும் வரவில்லை. வார்த்தை வருகிற நிலையில் ஒரு மனிதனை நீங்கள் வைக்கவில்லை. முன்கூட்டியே எழுதியிருந்தால் யோசித்து வைத்திருப்பேன்.

ஆகவே கண்டிப்பாகச் சொல்கிறேன், என் மகள் வீட்டில் இனி மிஷின் ஓடக் கூடாது. இஞ்சினியர் இஞ்சினியராக இருக்கவேண்டும், தினம் சட்டை மாட்டிக்கொண்டு வேலை தேடவேண்டும். நீங்கள் இங்கே விட்டுப்போன பலகை, ஸ்கேல், சக்கரக் கத்தி எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரணில் ஏற்றியாகிவிட்டது. நீங்கள் தைத்த துண்டுகளைத் தலையணைக்குள் திணிக்கச் சொல்லி அத்தையிடம் கொடுத்துவிட்டேன். இந்த முக்கோண விவகாரம் இத்துடன் முடிந்தது. பூவிழியைக் குளிரில் காதை மூடிக்கொண்டு போகச் சொல்லவும். நீங்களும் வேளைக்குச் சாப்பிடவும். தெய்வம் உங்கள் இருவரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

மாறாத கோபத்துடனும் ஆசீர்வாதத்துடனும்,
உங்கள் மாமா வைரக்கண்ணு

பின்குறிப்பு: மேலே உள்ளது செவ்வாய்க்கிழமை எழுதியது. இன்று சனிக்கிழமை. ஸ்டாம்ப் வாங்கப் போகவில்லை. புதன்கிழமை ஜன்னத் பீவி வந்து, அந்தப் போர்வை எங்கே என்றார்கள். ஷார்ஜாவில் மகள் நுஸைபாவுக்குக் குழந்தை பிறக்கப்போகிறதாம், ஏசி ஓயாமல் ஓடும் வீடாம், பங்குனிக்குள் ஒன்று வேண்டுமாம். முடியாது என்றுதான் சொல்ல வாய் திறந்தேன், "உங்களால முடியாதுண்ணே, அந்தத் தம்பிதான் தைக்கணும்" என்று அவர்களே முந்திக்கொண்டார்கள். மூன்று நாளாக உங்கள் முறையிலேயே சதுரமாக வைத்து, கோடு போட்டு, இரண்டு பக்கமும் தைத்துப் பிறகுதான் வெட்டுகிறேன். தேய்க்கவில்லை, வைத்து வைத்துத்தான் எடுக்கிறேன். முனைகள் நன்றாகச் சேருகின்றன. ஆனால் சரியாக இரண்டு நூல் விட்டுத் தைத்தும் வரிசை இருபத்து நாலேகால்தான் வருகிறது. அந்தக் கால் அங்குலம் எங்கே போகிறது? மடிப்பு தின்கிறதா, அல்லது தையலைக் கோட்டுப் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளவேண்டுமா? கடிதம் கிடைத்ததும் கடைக்கு போன் பண்ணுங்கள், வீட்டுக்கு வேண்டாம், துணியெல்லாம் கடையில்தான் இருக்கிறது. அத்தையிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். ஒரு நாள் அழுதாள். இப்போது எனக்குக் கோடு போட்டுக் கொடுக்கிறாள். உங்களுக்கு வேலை கிடைத்தால் ரொம்ப சந்தோஷம், தடுக்கமாட்டேன். ஆனால் எவனாவது நாளைக்கே வந்து சேரச் சொன்னால், பங்குனி முடிந்து வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.