சாவியக்காவின் ராஜினாமா

முந்தின நாள் மாய்ந்து மாய்ந்து எழுதிய ராஜினாமாக் கடிதத்தைக் காணவில்லை. தொலையட்டும் என்று, ஹோட்டலின் துணி அறையில் போர்வை அடுக்கின் மேல் தாளை வைத்து, சாவியக்கா இன்னொன்று எழுதி உறையில் போட்டாள்.

அறுபது அறைகளுக்கும் அவள்தான் மேற்பார்வை. இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து, அதனால் அந்தப் பெயர். மூன்று வருஷத்தில் நான்கு மேனேஜர்கள் ஓடிப்போனார்கள். ஐந்தாவது ஆளை முதலாளி தேடவே இல்லை. அதுதான் இவள் இருக்கிறாளே!

மதியச் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட்ட ஞாபகமே அவளுக்கு இல்லை. ரத்த அழுத்தம் எகிறிக் கிடந்தது. "இன்னிக்கு லெட்டரைக் கொடுக்காம வீட்டுப் படி ஏறாதே" என்று கணவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

கதவு திறந்தது. வரவேற்பு மேஜைப் பெண், கையில் ஓர் உறையோடு.

"அக்கா, நான் வேலையை விடறேன்."

"இப்பவா? வாசல்ல பஸ் நிறைய ஆளுங்க இறங்கறாங்கடி!"

"வர்றவங்க எல்லாரும் என்னைத்தான் திட்டறாங்க."

"இந்தக் கூட்டத்தை நான் பாத்துக்கறேன். போதுமா?"

"நீங்க இருந்தா இருக்கேன். லெட்டர் உங்ககிட்டயே இருக்கட்டும்."

இருபத்தெட்டுப் பேருக்கு அறை கொடுத்தாள் சாவியக்கா. திட்ட வந்தவர்கள்கூடச் சிரித்துக்கொண்டே போனார்கள். என்ன பொம்பளை ஐயா அவள்!

அதற்குள் சமையல் மாஸ்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். அவர் கையிலும் உறை.

"அடுப்புச் சூட்டுல வெந்தே போயிடுவேன்மா. கிளம்பறேன்."

"நீங்க ஃபேனுக்கடியில உக்காருங்க மாஸ்டர். ஆம்லெட்டை நான் போடறேன்."

"சரி, நீங்க இருக்கற வரைக்கும் இருக்கேன். இதை நீங்களே வச்சுக்குங்க."

பதினேழாவது ஆம்லெட்டைத் திருப்பிப்போடும்போது பெட்டி தூக்கும் பெரியவர் வந்தார், மூட்டுவலியோடும் உறையோடும். அவரையும் சமாதானப்படுத்தி உட்காரவைத்துவிட்டு, அவள் பெட்டியைத் தூக்கினாள். அன்றைக்கென்று பார்த்து லிஃப்ட் நின்றுபோயிருந்தது.

படியில் போன் அடித்தது. "கொடுத்துட்டியா?" என்றார் கணவர்.

"இன்னும் வாங்கிக்கிட்டுதான் இருக்கேன்."

மூன்றாவது மாடி விருந்தாளி அவளை உற்றுப் பார்த்தார். "சாவி கொடுத்தவங்க, ஆம்லெட் போட்டவங்க, நீங்க, மூணு பேரும் அக்கா தங்கச்சிங்களா?"

"ஆமா சார். மூத்தவ நான். அதான் பெட்டி என் தலையில."

மூன்று மணிக்கு முதலாளி அறை வாசலில் போய் நின்றாள். கோட்டுப் பையில் நான்கு உறைகள். தன்னுடையது எது என்று தேடும்போதே கை தயங்கியது. தன்னை நம்பி இருக்கிறேன் என்றவர்களை அம்போவென்று விட்டுப் போகிறோமே என்று நினைத்தாள். ஆனால் உடம்பு ஒத்துழைத்தால்தானே?

"அக்கா, ஒரு நிமிஷம்."

சலவை அறைப் பெண் ஓடிவந்தாள். அவள் நீட்டிய தாள் மொடமொடவென்று இஸ்திரி போட்டிருந்தது. சாவியக்காவின் முந்தின நாள் கடிதம்!

"நேத்து நீங்க துவைக்கப் போட்ட கோட்டுப் பையில இருந்துச்சு. சத்தமாப் படிச்சேன், எல்லாரும் கேட்டாங்க." இடுப்பிலிருந்து ஓர் உறையையும் எடுத்தாள். "இது என்னோடது. நீங்க இல்லாத இடத்துல எங்களுக்கு என்ன வேலைன்னு நேத்தே பேசி முடிச்சிட்டோம். உங்க லெட்டரைக் கொடுக்கறப்போ அந்த மூணோட இதையும் சேத்துக் கொடுத்துடுங்கக்கா."