பேண்டேஜ் அண்ணாச்சியின் குடும்ப வண்டி

உலகத்தில் எல்லாரும் கார் வைத்திருப்பார்கள். பேண்டேஜ் அண்ணாச்சியை மட்டும் ஒரு கார் வேலைக்கு வைத்திருந்தது. அதைத் துடைப்பதற்காக விடியுமுன் எழுந்திருப்பார். அது நனைந்துவிடக் கூடாதே என்று மழைக்கு முன்னால் வீட்டுக்கு ஓடி வருவார். அதன் மேல் காக்கா உட்கார்ந்துவிடும் என்று மத்தியானத் தூக்கத்தையே விட்டுவிட்டார். இவ்வளவுக்கும் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது.

ராஜபாளையத்தில் நான் குடியிருந்த தெருவில், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அவர் வீடு. செட்டியார்பட்டி போகிற வழியில் தறி செட் போட்டு, ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி நெய்து அனுப்புகிறவர். அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருந்திருக்கும். தெருவில் யாரும் கேட்டதில்லை. யாருக்காவது அரிவாள்மனை விரலைப் பதம் பார்த்துவிட்டால், ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் அவர் வீட்டுக்குத்தான் ஓடுவோம். ஒரு சின்னக் கீறலுக்கு முழங்கை வரைக்கும் கட்டு போட்டு அனுப்புவார். சரக்கு அவருடையது, கஞ்சத்தனமே கிடையாது.

கார் வருவதற்கு முன்னால் அந்த வீட்டில் ஒரு பழைய வேன் இருந்தது. அதை ஓட்டியது அண்ணாச்சி இல்லை, அவர் மனைவி செல்வி அக்கா. துணிக் கட்டுகளைப் பின்னால் அடுக்கிக்கொண்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சத்திரப்பட்டி வரைக்கும் தனியாகப் போய் வருவார். எதிரே லாரி வந்தால் லாரிதான் ஒதுங்கும். அந்த வேனைக் கொடுத்துவிட்டுத்தான் அண்ணாச்சி புது வண்டி எடுத்தார். ஒன்றும் பெரிய வண்டி இல்லை, கச்சிதமான எஸ்யுவிதான். ஆனால் சீமைக் கம்பெனி, சொகுசு ரகம். மேலே கண்ணாடிக் கூரை, கீழே தோல் சீட்டு, நடுவில் தறி செட் ஆபீஸ் டிவியைவிடப் பெரிய திரை.

"நம்ம குடும்பத்துக்குன்னு எடுக்கேன் செல்வி. நீ ஓட்டு, பிள்ளைய கூட்டிட்டுப் போ. எனக்கு எதுக்கு இது?" என்று சொல்லித்தான் வேனை அனுப்பினார். புது வண்டி வாசலுக்கு வந்த அன்றைக்குச் சாவி அவர் சட்டைப் பைக்குள் போனது. போனதுதான்.

செல்வி அக்கா கேட்கும்போதெல்லாம் ஒரு காரணம் தயாராக இருக்கும். முதல் சர்வீஸ் முடியட்டும் என்றார். முடிந்தது. மழை விடட்டும் என்றார். விட்டது. வெயில் தாழட்டும் என்றார். எங்கள் ஊரில் வெயில் தாழ்வதாவது!

"எனக்கு நகை வேண்டாம், நட்டு வேண்டாம்" என்று என் வீட்டுக்காரியிடம் செல்வி அக்கா பொருமியது எனக்கு அடுப்படி வரை கேட்டது. "அந்த ஸ்டியரிங்க ஒரு நாள் நான் புடிக்கணும். இல்லன்னா என் வேனக் கொண்டாந்து வாசல்ல விடச் சொல்லு. அது என்ன குடும்ப வண்டியா, குலதெய்வமா?"

குலதெய்வத்துக்குக்கூட அவ்வளவு கவனிப்பு நடந்திருக்காது. கார் விற்றவர்கள் கொடுத்த மேலுறை சொரசொரப்பாக இருக்கிறது, மேனி கீறிவிடும் என்று, தன் தறியில் ஓடிய பேண்டேஜ் துணியையே எட்டு மடிப்பாக அடித்துத் தைத்து, மூக்கிலிருந்து வால் வரைக்கும் மூடிவிட்டார். பக்கக் கண்ணாடி இரண்டுக்கும் தனித்தனிக் கட்டு. தெருவுக்குப் புதிதாக வந்த கேஸ் சிலிண்டர்காரர் வண்டியைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அடி பலமா அண்ணாச்சி? உள்ள இருந்தவியளுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்.

வண்டியோடு தடியாக ஒரு புத்தகம் கொடுத்திருந்தார்கள். தினம் குளித்துவிட்டுப் பத்துப் பக்கம் படிப்பார். வண்டி எந்தப் படத்தைக் காட்டினால் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். மறுபேச்சே கிடையாது, அது சொன்னால் செய்துவிட வேண்டும்.

ஒரு தடவை மதுரைக்கு சர்வீஸுக்கு விடப் போனபோது துணைக்கு என்னையும் கூட்டிப்போனார். கல்லுப்பட்டி தாண்டியதும் திரையில் ஆவி பறக்கிற ஒரு கோப்பைப் படம் வந்தது. அண்ணாச்சி சட்டென்று ஓரம் கட்டினார்.

"என்ன அண்ணாச்சி?"

"ஓட்டுறவன் அசந்துட்டான்னா, காப்பி குடிச்சிட்டு வாடேன்னு வண்டியே சொல்லும். புத்தகத்துல போட்ருக்கு."

"நீங்க அசந்துட்டீங்களா?"

"நான் எங்கலே அசந்தேன்? கல்லு மாதிரி இருக்கேன். ஆனா அது சொல்லுதே!"

பிறந்ததிலிருந்து டீயைத் தவிர வேறு எதுவும் குடிக்காத மனிதர். கடைக்காரர், "காப்பிக்குப் பாலு இப்பத்தான் வச்சிருக்கேன், செத்த நேரம் ஆகும். டீ ரெடியா இருக்கு, தரட்டா?" என்றார்.

"வேண்டாம்யா. அதுல காப்பிதான் போட்ருக்கு" என்று அண்ணாச்சி பால் காய்கிற வரைக்கும் காத்திருந்து, கசாயம் குடிக்கிற முகத்தோடு குடித்து முடித்தார். திரும்பி வரும்போதும் அந்தப் படம் வந்தது. வரும்போதும் குடித்தார். அடுத்த இரண்டு நாள் அவருக்குத் தூக்கம் இல்லை என்று கேள்வி.

சர்வீஸ் சென்டரில் அவர் நடந்துகொண்டதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் சொகுசு சோபா, ஏசி, பெரிய டிவி. அந்தப் பக்கம் வண்டியைத் தூக்கி நிறுத்தி வேலை பார்க்கிறார்கள். டை கட்டிய இளைஞர் ஒருவர் வந்து, "சார், உக்காந்து டிவி பாருங்க சார்" என்றார்.

"அங்க அதப் பிரிச்சுப் போட்ருக்கீக, நான் இங்க உக்காந்து டிவி பாக்கவா?" என்று கேட்ட அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று மணி நேரம் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். இளைஞர் மறுபடி வந்ததும், "ஆயிலு எத்தன பாட்டில் ஏத்துனீங்க தம்பி?" என்றார் மெதுவாக. கழற்றிப்போட்ட பழைய ஃபில்டரை ஒரு கவரில் போட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டார். "எடுத்தத நாமளும் ஒரு தடவ பாத்துக்கிடணும்லா" என்றார் என்னிடம்.

ஆயுத பூஜை வந்தது. வண்டிக்குத் திருஷ்டி கழிக்கப் பூசணிக்காய் வாங்கப் போனார். அந்த வண்டியில் வெங்காயம் ஏறாது, கருவாடு ஏறாது, ஈரக்குடை ஏறாது. ஆனால் இது வண்டிக்காகவே வருகிற காய் அல்லவா? முன் சீட்டில் துணி விரித்து உட்கார வைத்தார். வண்டி டிங் டிங் என்று கத்தியது. பூசணிக்காய்க்கு சீட் பெல்ட் மாட்டிவிட்டார். சத்தம் நின்றது. வழியில் பஸ் ஸ்டாப்பில் தறி செட்டுக்குப் போகச் செல்வி அக்கா நின்றுகொண்டிருந்தார். அண்ணாச்சி கண்ணாடியை இறக்கி, "இடம் இல்ல செல்வி, காய் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயேபோய்விட்டார்.

அன்று சாயங்காலம் அந்த வீட்டில் சாம்பார் இல்லை, ரசம் இல்லை, பேச்சும் இல்லை. கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படிக்கிற அவர்கள் மகள் அபி மட்டும், "அப்பா, அந்த வண்டி பாவம்ப்பா. நானாவது காலேஜ் பஸ்ல நாலு ஊரப் பாக்கேன். அது எதையுமே பாக்கல" என்றாள். அண்ணாச்சி அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

இப்படி இருக்கும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் செல்வி அக்காவின் தங்கை பத்மா புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசத்துக்கு அழைத்தாள். "நானே வண்டி ஓட்டிக்கிட்டு வாரேன், பாரு" என்று செல்வி அக்கா போனில் தங்கையிடம் சொல்லிவிட்டார். அண்ணாச்சியும் "சரி, சரி" என்று தலையை ஆட்டியிருந்தார். புறப்படுகிற நேரத்தில் பார்த்தால் அவர்தான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கிறார்.

"என்னங்க, நான்லா ஓட்டுறேன்னு சொன்னேன்?"

"சித்திரை வெயிலு. டயரு சூடாயிருக்கும். திரும்பி வரும்போது பாத்துக்கிடலாம்."

செல்வி அக்கா பின்னால் ஏறினார். நானும் என் வீட்டுக்காரியும் விருந்தாளிகள். அபியோடு சேர்த்து ஐந்து பேர். அந்த வண்டியில் ஏற ஒரு சட்டம் உண்டு: கோயில் மாதிரி, செருப்பைக் கீழே கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். கழற்றினோம். ஏறினோம். கதவு மூடியது. வண்டி வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போனது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்மா வீட்டுச் சந்துக்குள் போய்க் கதவைத் திறந்து காலைக் கீழே வைத்த பிறகுதான் தெரிந்தது. ஐந்து ஜோடிச் செருப்பும் ராஜபாளையத்தில் அண்ணாச்சி வீட்டு வாசலில் வரிசையாக நின்றுகொண்டிருக்கின்றன.

உச்சி வெயில். சிமெண்டு ரோடு. பட்டுப்புடவையோடும் பட்டு வேட்டியோடும் ஐந்து பேரும் துள்ளித் துள்ளிப் பந்தலுக்குள் ஓடினோம். பத்மா வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றவள் திகைத்துப்போனாள்.

"என்னக்கா இது? அஞ்சு பேருக்கும் வேண்டுதலா?"

"வாய மூடுட்டி" என்றார் செல்வி அக்கா.

பத்மா வாயை மூடுகிற ரகம் இல்லை. "ஓட்டிக்கிட்டு வாரேன்னு சொன்ன? பின் சீட்டுல இருந்து இறங்குத?" என்றாள். பந்தலில் இருந்த சொந்தமெல்லாம் திரும்பிப் பார்த்தது. செல்வி அக்கா சந்தனத்தை எடுத்துக் கையில் தடவிக்கொண்டே, "பொறவு பாப்போம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சாப்பாட்டுப் பந்தியில் அவர் இலையில் எல்லாம் அப்படியே இருந்தது. எங்கள் பக்கத்துச் சாப்பாட்டில் அப்பளத்தைத் தொடாமல் ஒருவர் எழுந்தால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

கிளம்பும்போதுதான் நடந்தது அந்த அமர்க்களம். வண்டிக்கு ஒரு பக்கம் பந்தல் கால். மறுபக்கம், நாங்கள் சாப்பிடப் போன நேரத்தில் வந்து கடை போட்டிருந்த கரும்புச் சாறு வண்டி. சந்திலிருந்து தெருவுக்குப் பின்னோக்கித்தான் எடுக்க வேண்டும். அண்ணாச்சி ரிவர்ஸ் போட்டார். வண்டி பீப் என்றது. நிறுத்தினார். இறங்கி, காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு நாலு மூலையும் பார்த்தார். ஏறினார். பீப். இறங்கினார். வேடிக்கை பார்க்க நாலு பேர் கூடினார்கள். ஆள் பக்கத்தில் வந்ததும் வண்டி இன்னும் பலமாகக் கத்தியது. கத்தலைக் கேட்டு இன்னும் பத்துப் பேர் வந்தார்கள்.

"லெஃப்ட்ல ஒடிங்க அண்ணாச்சி!"

"ஏலே, லெஃப்ட்ல பந்தலு இருக்கு, ரைட்ல விடச் சொல்லு!"

"ரைட்ல என் மிசினு இருக்கு சாமி!" என்றார் கரும்புச் சாறுக்காரர்.

சந்து முனையில் ஒரு மினிபஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. டிரைவர் தலையை நீட்டி, "அண்ணாச்சி, எடுக்கீகளா? இல்ல, நாங்களும் இங்கனயே பால் காய்ச்சிக் குடி வந்துரட்டா?" என்றார்.

அண்ணாச்சிக்கு வேர்த்து ஊற்றியது. "வண்டி வேண்டாங்குது. நான் என்ன செய்ய? வேண்டாங்குது" என்று ஸ்டியரிங்கிடமே சொல்லிக்கொண்டிருந்தார்.

செல்வி அக்கா டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தார். "இறங்குங்க."

"செல்வி, இது கத்துது."

"கத்தத்தான் செய்யும். இருவது வருசமா நீங்க கத்துறதக் கேட்டுக்கிட்டே நான் வேன் ஓட்டலையா? இறங்குங்க."

இறங்கிவிட்டார். செல்வி அக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினார். பொத்தானை அமுக்கியதும் சீட்டு உய்யென்று முன்னால் நகர்ந்தது. பிறகு அவர் செய்த முதல் காரியம், தலையை வெளியே நீட்டி, "எல்லாரும் பத்தடி தள்ளி நில்லுங்க" என்றதுதான். கூட்டம் விலகியது. பாதி பீப் நின்றுவிட்டது. மீதி பீப்பை அவர் காதில் வாங்கவே இல்லை. பின்னால் ஒரு எடுப்பு, முன்னால் ஒரு வெட்டு, மறுபடி பின்னால். பந்தல் காலைத் தாண்டி வண்டி நழுவிக்கொண்டு வந்தது. மினிபஸ்காரர் விசில் அடித்தார்.

கடைசி நேரத்தில் கரும்பு மிஷினின் இரும்புக் கைப்பிடி லேசாக உரசியது. "கிர்ர்" என்று ஒரே ஒரு சத்தம்.

கரும்புச் சாறுக்காரர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். செல்வி அக்கா வண்டியைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்தி இறங்கிப் பார்த்தார். பின்கதவில், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு.

"நான்தான்" என்றார்.

அண்ணாச்சி குனிந்து உட்கார்ந்தார். அந்தக் கோட்டை விரலால் ஒரு தடவை தடவினார். இன்னொரு தடவை தடவினார். எழுந்து மனைவியின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் பயம் இல்லை. ஆனால் காலையிலிருந்து சோறு இறங்காத களைப்பு இருந்தது. அவருக்கு எது உறைத்ததோ தெரியாது. டிரைவர் கதவை நோக்கி நடந்தார். போச்சு, இனி இந்த ஜன்மத்துக்கு அக்கா கையில் வண்டி கிடையாது என்று நினைத்தேன். அவர் அந்தக் கதவைத் தாண்டி, வண்டியைச் சுற்றிக்கொண்டு போய், இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார்.

"கண்ணாடிய ஒனக்குத் தக்கன திருப்பி வச்சுக்க" என்றார். "வீடு வரைக்கும் போவணும்லா."

பத்மா வாசலில் நின்று கைதட்டினாள். செல்வி அக்கா அவளைப் பார்த்து ஹாரன் அடித்தார். ஒன்று போதும், மூன்று அடித்தார்.

ஊருக்குத் திரும்பினோம். அண்ணாச்சி வழக்கமாகத் திரையைப் பார்ப்பார், டயரைப் பார்ப்பார், முன்னால் போகிற லாரியிலிருந்து ஜல்லி விழுகிறதா என்று பார்ப்பார். அன்று அவர் தலையைத் திருப்பி வைத்துக்கொண்டு செல்வி அக்காவையே பார்த்துக்கொண்டு வந்தார். பாதி வழியில், பின்னால் இருந்த என்னிடம் கிசுகிசுத்தார்: "ஏலே, எம்புட்டு அழகா ஓட்டுதா, பாத்தியா?"

அக்கா காதில் விழாத மாதிரி கியர் மாற்றினார். ஆனால் அந்த வண்டிக்குக் கியர் மாற்ற வேண்டியதே இல்லை, எல்லாம் தானாக மாறும். நானும் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தத் தெருவை விட்டு வந்து நாளாகிவிட்டது. இன்றைக்கும் ராஜபாளையம் பக்கம் போனால், அண்ணாச்சி வீட்டில் செத்த நேரம் உட்கார்ந்து, அவர் செல்வி அக்காவின் டிரைவிங்கைப் பற்றி அளக்கிற அளப்பை முழுசாகக் கேட்காமல் திரும்பிவர எனக்கு மனசு வருவதில்லை.