பெரியநாயக்கன்பாளையத்துப் படகின் நாலு படிகள்

உலகக் கடற்பயண வரலாற்றில் பெரியநாயக்கன்பாளையத்துக்கு உரிய இடத்தை இதுவரை ஒருவரும் கொடுக்கவில்லை. கடலோரத்தில் இருப்பவன் படகு வாங்கினால் அது பிழைப்பு. கடலே இல்லாத ஊரில் வாங்கினால்தானே அது 'லட்சியம்'!

அந்த லட்சியம் தொண்ணூற்று நாலில் பாலுசாமியைப் பிடித்தது. 'பாலுசாமி பம்புசெட்' முதலாளி அவர். கொச்சியில் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி, லாரியில் ஏற்றி வந்து, கம்பெனி வளாகத்தில் ஆள் உயரத்துக்குச் செங்கல் மேடை கட்டி அதன்மேல் உட்கார வைத்தார். கூடவே 'கோவைப் பாய்மரக் கழகம்' பிறந்தது. தலைவர் யார் என்று கேட்கவும் வேண்டுமா?

மேடையிலிருந்து மேல்தளத்துக்கு ஏற நாலே நாலு மரப்படிகள். அவற்றுக்கு வீட்டுத் தேக்குக் கதவுபோல முகம் தெரியப் பாலிஷ் போடச் சொன்னதுதான் வினையாகிவிட்டது. திறப்பு விழாவன்று மாலையும் கழுத்துமாக முதல் படியில் கால் வைத்த தலைவர், அப்படியே சறுக்கி மேளக்காரர் மடியில் வந்து அமர்ந்தார்.

"இன்னொருக்கா யாராச்சும் சறுக்குனா, தலைவரை மாத்திப்போடலாமுங்க" என்றார் செயலாளர் கிருபாசங்கர். கொங்கு நாட்டில் கழுத்தை அறுத்தாலும் கடைசியில் ஒரு 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள். பாலுசாமிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பதவி போனால் வெளியே தலைகாட்ட முடியுமா?

சூலூரிலிருந்து மரவேலைக்கு அப்துல் முத்தலிப் வந்தார்.

"முதலாளி, பளபளன்னு இருக்கோணுங்களா, கொரகொரன்னு இருக்கோணுங்களா?"

"பாக்கறதுக்குப் பளபளன்னு, மிதிக்கறதுக்குக் கொரகொரன்னு."

முத்தலிப் பழைய பாலிஷைச் சுரண்டினார். உப்புத்தாள் வைத்துத் தேய்த்தார். வார்னிஷ் அடித்து, அது காயுமுன் சலித்த மணலைத் தூவி, மேலே இன்னொரு கோட் கொடுத்தார். தோசைமேல் இட்லிப்பொடி தூவுகிற மாதிரிதான்.

'பரிசோதனை ஈரக்காலோடு நடத்தப்பட வேண்டும்' என்பது கழகத்தின் விதி. உறுப்பினர்கள் மேடைமேல் கூடினார்கள்.

"நீங்க முன்னால ஏறுங்க."

"அட, பெரியவங்க நீங்க இருக்கறப்ப நானுங்களா?"

இந்த மரியாதை அரைமணி நேரம் நடந்தது. கடைசியில் எல்லா மரியாதையும் தலைவருக்கே வந்து சேர்ந்தது. வேறு வழியில்லாமல் காலை நனைக்க வேண்டி, பாலுசாமி தன் சொந்தத் தயாரிப்பு மோட்டாரைப் போடச் சொன்னார். மோட்டார் கம்பீரமாக உறுமியது. குழாய் 'புஸ்' என்று காற்றை விட்டது. ஆயிரம் அடி ஆழத்துக் காற்று, கலப்படமே கிடையாது.

சம்சாரம் ராசாத்தாளிடம் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டார்.

"ஏனுங்க, குடிக்கறதுக்கே ஒரு குடந்தான் கெடக்குது. தண்ணி லாரி நாளைக்குத்தான் வருது. காலுல ஊத்தறதுக்குக் கேக்கறீங்களே, நல்லாருக்குதுங்களா?"

கிருபாசங்கர் தொண்டையைக் கனைத்தார். "ஈரம் இருந்தாத்தானுங்க சறுக்கும்? நம்மூர்ல ஈரமே இல்லீங்களே. பாஸுன்னு தீர்மானம் போட்டுப்போடலாமுங்க."

கைதட்டல் வானைப் பிளந்தது. பதவி பிழைத்தது. அப்பாடா! பாலுசாமி காய்ந்த காலோடு நாலு படியும் ஏறினார், சறுக்கவில்லை. பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு முதன்முறையாக மேல்தளத்தில் நின்று, மதில்சுவரைத் தாண்டிப் பார்த்தார்.

தோட்டம் தோட்டமாகத் தென்னைகள் தலை காய்ந்து நின்றன. ஒவ்வொரு வறண்ட கிணற்றடியிலும் ஒரு மஞ்சள் போர்டு: 'பாலுசாமி பம்புசெட். எத்தனை ஆழமானாலும் விடாது!'

கீழேயிருந்து ராசாத்தாள் கேட்டாள்: "ஏனுங்க, அங்கிருந்து பாத்தா எங்காச்சும் தண்ணி தெரியுதுங்களா?"

"இல்ல அம்மணி" என்றார் பாலுசாமி. "எங்க பாத்தாலும் எம்பேருதான் தெரியுது."