கீழ்ப்படுக்கை பதினேழு

"தாயி, அது என் இடம்," என்றார் சோணைமுத்து, மூச்சிரைக்க.

பதினேழாம் நம்பர் கீழ்ப்படுக்கையில் காலை நீட்டியிருந்த பெண் தலையை மட்டும் நிமிர்த்தினாள். "இல்லண்ணே, என் இடம். எஸ் நாலு, பதினேழு." செல்போனைத் திருப்பிக் காட்டினாள். ஜெயசுதா என்ற பெயரும் பதினேழும் பளிச்சென்று தெரிந்தன.

சோணைமுத்து நாலாக மடித்திருந்த தாளை விரித்தார். அதிலும் எஸ் நாலு, பதினேழு.

"வெயிட்டிங் லிஸ்ட்ல கெடந்துச்சு. சார்ட் போட்ட பெறகுதான் உறுதியாச்சு," என்றாள் ஜெயசுதா. "நமக்குள்ள எதுக்கு வம்பு? டிடிஇ இந்தா வந்துருவாரு. கேட்டுருவோம்."

டிக்கெட் பரிசோதகர் என்றதும் சோணைமுத்து தாளை அவசரமாக மடித்தார்.

"வேணாம் தாயி. நீயே படுத்துக்க. நான் இங்கன ஓரமா ஒக்காந்துக்கிறேன்."

பயத்துக்குக் காரணம் அந்தத் தாளிலேயே இருந்தது. பெயர் சோணைமுத்து. வயது அறுபத்திரண்டு.

உண்மையில் அவருக்கு நாற்பத்தெட்டு. டிக்கெட் எடுத்துக் கொடுத்த நயினார்கோவில் கம்ப்யூட்டர் கடை வீரமணி செய்த வேலை அது. "அறுபதத் தாண்டுனாத்தான் கீழ்ப்படுக்கை நிச்சயம்ணே. ஒங்க மூட்டுவலிக்கு மேல ஏறுவீகளா? தலதான் பஞ்சா வெளுத்துக் கெடக்கே, யாரு கேக்கப் போறா?" என்று அவனே வயதைப் போட்டு, போன் நம்பருக்குக் கடை நம்பரையும் போட்டுவிட்டான்.

ஆனால் அந்தப் பஞ்சுத் தலை இன்று இல்லை.

தங்கை முருகலட்சுமிக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருசம் கழித்துப் பிறந்த பிள்ளைக்கு நாளைக் காலை ஒன்பது மணிக்குத் தாம்பரத்தில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, தாய்மாமன் கொண்டுவரும் தோட்டைத்தான் போட வேண்டும். "அண்ணே, போட்டோவுல எம்புள்ளைக்குத் தாத்தா மாதிரி வந்து ஒக்காராத," என்று அவள் போனில் சொல்லியிருந்தாள். ராமநாதபுரத்தில் தோடு வாங்கிய கையோடு சலூனுக்குப் போய் உட்கார்ந்தார். எழுந்தபோது தலையும் மீசையும் காக்கை நிறம்.

இப்போது தாளில் அறுபத்திரண்டு, ஆதாரில் நாற்பத்தெட்டு, ஆளைப் பார்த்தால் நாற்பது. நடுவழியில் இறக்கிவிட்டால் அந்தப் பிள்ளையை யார் மடியில் உட்கார வைப்பாள் முருகலட்சுமி? இடுப்பில் முடிந்திருந்த தோட்டுப் பெட்டியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"என்ன தம்பி, இப்பிடி வேர்க்குது?" என்றார் எதிர்ப் படுக்கைக்காரர் பாக்கர். பாம்பனில் கருவாடு வியாபாரம். கூடவே வந்த மூட்டை அதைச் சொல்லாமலே சொன்னது.

"ஒண்ணுமில்ல பாய்."

பரமக்குடி தாண்டியதும் பெட்டியின் கோடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "இங்க சோணைமுத்து யாருங்க? அறுபத்திரண்டு வயசுப் பெரியவர்?"

கறுப்புக் கோட்டு.

"பாய், நான் பாத்ரூம் போயிட்டு வாரேன்." பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சோணைமுத்து மறுபக்கம் பாய்ந்தார்.

கதவைத் தாழிட்டுக் கண்ணாடியைப் பார்த்தார். இந்தத் தலையோடு அறுபத்திரண்டு என்றால் எவன் நம்புவான்? ஒரு யோசனை வந்தது. இன்றைக்கு அடித்த மைதானே, கழுவினால் போய்விடும். குழாயை அமுக்கி அமுக்கித் தலையைத் தேய்த்தார்.

பாதி போயிற்று. போன பாதி நெற்றி, காது, கழுத்து வழியாக வெள்ளைச் சட்டையில் இறங்கியது. மீதிப் பாதி தலையிலேயே பட்டை பட்டையாக நின்றது. மீசையில் இடது பக்கம் வெளுத்துவிட்டது, வலது பக்கம் அசையவில்லை.

வெளியே பாக்கரின் குரல் கேட்டது. "பேரு எனக்குத் தெரியாது சார். பதினேழு தன்னோடதுன்னு ஒருத்தரு வந்தாரு. உள்ளதான் போனாரு. மொகமே சரியில்ல."

கதவு தட்டப்பட்டது. "பெரியவரே! டிக்கெட் விஷயமா ஒண்ணு சொல்லணும். வெளிய வாங்க."

சோணைமுத்து குரலை நடுங்க விட்டார். "வவுறு... வவுறு சரியில்லப்பா. நேரமாகும்." வயதுக்கு ஏற்ற மாதிரி நாலு இருமலும் சேர்த்தார். அது கொஞ்சம் கூடிவிட்டது.

"ஐயையோ, இந்த இருமு இருமுறாரே! யாராவது டாக்டர் இருக்கீங்களா?"

"நான் நர்சுதான் சார்," என்றாள் ஜெயசுதா. "கதவ ஒடைச்சுருங்க. வயசு அறுபத்திரண்டுங்கிறீக, மயங்கி விழுந்துட்டா வம்பாப் போயிரும்."

"அங்கன ஒரு போலீஸ்காரரு இருந்தாரே, கூப்பிட்டு வாரேன்," என்றார் பாக்கர்.

போலீசா! சோணைமுத்து உள்ளே சுவரைப் பிடித்துக்கொண்டார். பாக்கர் ஒரு பக்கம் ஓட, ஜெயசுதா மாத்திரை எடுக்க ஓட, டிடிஇ தண்ணீர் பாட்டில் தேடிப் போனார். காலடிச் சத்தம் ஓய்ந்த அந்த நொடியில் கதவைத் திறந்து அடுத்த பெட்டிக்குப் பாய்ந்தார்.

எஸ் ஐந்தில் ஒரு காலி இடத்தில் துண்டைப் போர்த்திப் படுத்தார். காரைக்குடியில் அந்த இடத்துக்காரர் குடும்பத்தோடு ஏறினார். எஸ் ஆறில் நடைபாதையில் சுருண்டார். ஒரு குழந்தை விழித்து அவரைப் பார்த்து வீலென்று அலறியது. எஸ் ஏழில் வாசலோரக் கதவுக்குப் பின்னால் ஒடுங்கி நின்றபோது அதே குரல் கேட்டது.

"உடம்பு முடியாத பெரியவர் யாராவது இந்தப் பக்கம் வந்தாரா?"

"வெள்ளையும் கறுப்புமா ஒருத்தரு ஓடுனாரு சார்."

"ஓடினாரா?"

"நல்ல ஓட்டம்."

சோணைமுத்து மறுபடி ஓடினார்.

திருச்சி போயிற்று. விழுப்புரம் போயிற்று. கடைசிப் படுக்கைப் பெட்டி வந்துவிட்டது. அதற்கு மேல் ஓட இடமில்லை. முழங்கால் இரண்டும் தனித்தனியாக அழுதன. வாசல் பக்கம் ஒரு செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே தூங்கினார், தலை சுவரில் இடிக்கும்போதெல்லாம் விழித்தார்.

செங்கல்பட்டு தாண்டி வெளுத்துக்கொண்டு வந்தபோது எதிரே ஒருவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, சிவந்த கண்கள், கலைந்த தலை.

"நீங்களும் தூங்கலையா சார்?" என்றார் சோணைமுத்து.

"எங்க தூங்க? வேலை அப்படி." தொண்டை கட்டிக் குரல் கம்மியிருந்தது. அவர் சோணைமுத்துவின் தலையைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார். "உங்களுக்கு என்ன ஆச்சு?"

இரவெல்லாம் யாரிடமும் வாய் திறக்காத மனுசன். யாராவது கேட்டால் போதும் என்றிருந்தது. வீரமணி, மூட்டுவலி, வயசு, மை, கழிப்பறை என்று ஒன்று விடாமல் கொட்டிவிட்டார். "அந்த டிடிஇ விடாம வெரட்டுறாரு சார். எமன்கூட இந்த வெரட்டு வெரட்ட மாட்டான். நானும் பொய் சொன்னவன்தான், இல்லேங்கல. ஆனா பதினாலு வருசம் தவமா கெடந்து பெத்த புள்ள சார். மாமன் மடி இல்லாம காது குத்துனா எந்தங்கச்சி ஆயுசுக்கும் அழுவா."

எதிரே இருந்தவர் மெல்ல எழுந்து, உட்கார்ந்திருந்த துணியை உதறினார். அது கறுப்புக் கோட்டு.

சோணைமுத்துவுக்கு எழுந்து ஓடக்கூடத் தெம்பில்லை. கைகளைக் கூப்பினார். "தாம்பரம் வந்துருச்சு சார். காதுகுத்து மட்டும் முடிஞ்சுரட்டும். பெறகு எங்க கூப்பிட்டாலும் நானே வாரேன்."

ரயில் வேகம் குறைந்து நடைமேடைக்குள் நுழைந்தது. டிடிஇ வாய் பிளந்து நீளமாக ஒரு கொட்டாவி விட்டார்.

"உங்க வயசை யாருங்க கேட்டா? பதினேழை அந்த நர்சம்மாவுக்குக் குடுத்துட்டு, உங்களைக் காசில்லாமலே ஏசிக்கு மாத்தியிருக்கு, டிக்கெட்ல இருக்குற போன் நம்பருக்குத் தகவலும் போயிருக்கு. தலையணை, கம்பளியோட கீழ்ப்படுக்கை ஒண்ணு ராமநாதபுரத்துலேருந்து காலியாவே வருது, வந்து படுங்கன்னு சொல்லத்தான் ராத்திரி முழுக்க உங்க பின்னாடி ஓடினேன்!"