ஆல்ப்ஸ் மலையில் ஓர் அண்ணனும் தங்கையும்

இருபத்தைந்து வயது வரைக்கும் நான் எதையும் தெரியாது என்று சொன்னதில்லை. எல்லாம் தெரிந்திருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். தெரியாத விஷயத்தைப் பேசும்போதுதான் என் குரல் கணீரென்று வரும். நான் சொன்ன வழியில் போய், பைக்காரா பார்க்க வந்தவர்கள் கோத்தகிரியைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். (அதுவும் நல்ல ஊர்தான். ரொம்பத் திட்டியிருக்க மாட்டார்கள்.)

இந்தக் குணத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் குன்னூரில் ஒரு தனியார் பள்ளிக்கு ஆங்கில ஆசிரியர் வேலை கேட்டுப் போனேன். தாளாளர் சுலோச்சனா மேடம், எழுபதைத் தாண்டியவர். அவருடைய அறையில் காந்தி, நேரு படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் வேறு யாரோ வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள். வகிடு எடுத்து எண்ணெய் பூசிய ஆண்கள். அலை அலையாகச் சுருட்டிய முடியோடு, கழுத்தைத் தூக்கி, வாயை வட்டமாகத் திறந்த பெண்கள். பேசும் படம் வந்த புதிதில் ஹாலிவுட்டில் எடுத்த பாட்டுக் காதல் படங்களின் நட்சத்திரங்கள் அவர்கள். நடித்தவர்களே பாடியவர்கள். மேடத்துக்கு உலகத்தில் இரண்டே பித்து: ஒன்று பள்ளிக்கூடம், இன்னொன்று இந்தப் படங்கள்.

"இவங்களையெல்லாம் தெரியுமுங்களா தம்பி?" என்று கேட்டார்.

"என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க? எங்க ஊட்டுல பொழுது விடிஞ்சா இவங்க பாட்டுத்தானுங்களே!"

எங்கள் வீடு கட்டபெட்டுவில் அப்பாவின் மளிகைக் கடைக்குப் பின்னால் இருந்தது. பொழுது விடிந்தால் அங்கே கேட்பது வானிலை அறிக்கையும், பருப்பு மூட்டை இறக்குகிறவர்களின் சத்தமும்தான். ஆனால் மேடத்தின் கண்கள் கலங்கிவிட்டன. வேலை கிடைத்துவிட்டது, ஆறு மாதத் தகுதிகாண் பருவத்தோடு. அது முடிந்தபின் நிரந்தரம் ஆக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பது மேடம் கையில். அப்பாவோ அதற்குள் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம், "பையன் பர்மெனன்டு" என்று சொல்லி முடித்திருந்தார்.

ஆறாவது மாதம் பெற்றோர் தினம் வந்தது. ஒரு சனிக்கிழமை பிற்பகல். தனக்கு உயிரான ஒரு படத்தைப் பெற்றோருக்குத் திரையிட்டுக் காட்ட மேடம் ஏற்பாடு செய்திருந்தார். படத்தின் அடியில் மொழிபெயர்ப்பு எழுத்து எதுவும் ஓடாது. ஆகவே மேடமே மைக்கைப் பிடித்துக் காட்சிக்குக் காட்சி தமிழில் கதை சொல்வதாக இருந்தது. அந்த வாரம் பார்த்துக் குன்னூரில் விடாத மழை, குளிர். மேடத்தின் தொண்டை கட்டிக்கொண்டது. பத்து நாட்களுக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. மேடம் என்னைக் கூப்பிட்டு நோட்டில் எழுதிக் காட்டினார்: 'நீங்கள்தான் கதை சொல்ல வேண்டும். முடியுமா?'

"கவலையே படாதீங்க மேடம். இது எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்றேன்.

முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்லி குறுந்தகட்டைக் கொடுத்தார். நானும் என் அறையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பார்க்க உட்கார்ந்தேன். பெயர்கள் ஓடும்போதே கதாநாயகியின் குரலில் ஒரு பாட்டு தொடங்கியது. அதைத் தாலாட்டு என்று என் உடம்பு புரிந்துகொண்டது. விழித்தபோது திரையில் 'முற்றும்'. படத்தின் ஆரம்பத்தையும் முடிவையும் பார்த்தவன் என்ற முறையில், பார்த்தாயிற்று என்றே முடிவு செய்தேன். நடுவில் அப்படி என்ன பெரிதாக நடந்துவிடப் போகிறது?

தமிழாசிரியை மலர்விழி மட்டும் கொஞ்சம் சந்தேகப்பட்டார். "கதை என்னங்க சார்?" என்று கேட்டார். அவர் என்ன கேட்டாலும் என் நெஞ்சு நிமிர்ந்துகொள்ளும் காலம் அது.

"ரெண்டே எழுத்துல சொல்லட்டுமா டீச்சர்? பாசம்."

"அது மூணு எழுத்துங்க சார்" என்றார் மலர்விழி.

சனிக்கிழமை அரங்கு நிறைந்துவிட்டது. எஸ்டேட்டில் அரை நாள் லீவு போட்டுவிட்டு, ஸ்வெட்டரும் மப்ளருமாக வந்திருந்தார்கள். முன்வரிசை நடுவில் தொண்டையைச் சுற்றிக் கம்பளித் துணியோடு மேடம். மடியில் நோட்டு, கையில் பேனா. பக்கத்தில் மலர்விழி. விளக்கு அணைந்தது. நான் மேடையோரம் மைக்கோடு நின்றேன். எம்.ஏ. ஆங்கிலம் படித்தவன், இதைக்கூடச் செய்ய மாட்டேனா?

எண்பது வருடத்துக்கு முந்தைய ஆங்கிலம் வேறு மொழி என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துபோனது. தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து இருவர் அவசரமாகச் சண்டை போடுவது போல இருந்தது. ஆல்ப்ஸ் மலை. பனி. ஒரு விடுதி. பெரிய பெட்டியோடு ஓர் அழகி வந்து இறங்குகிறாள். தொப்பியில் இறகு செருகிய நெட்டையன் ஒருவன் வாசலில் நின்று அவளை அதட்டுகிறான். அவளும் பதிலுக்குக் கத்துகிறாள். உள்ளேயிருந்து ஒரு குண்டம்மா ஓடி வந்து இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொள்கிறாள். எனக்குப் புரிந்தவை மூன்றே சொற்கள்: காபி, மலை, அம்மா.

மூன்று சொல் போதாதா? ஒரு பெண்ணும் பையனும் பார்த்த மாத்திரத்தில் சண்டை போடுகிறார்கள்; ஒரே அம்மா இரண்டு பேரையும் கட்டிக்கொள்கிறாள் என்றால் அவர்கள் யார்?

"பல வருஷம் பிரிஞ்சிருந்த அண்ணனும் தங்கச்சியும் இன்னைக்கு ஒண்ணு சேர்றாங்க!" என்று முழங்கினேன்.

அரங்கமே உருகிவிட்டது. அடுத்து ஒரு பாட்டு. அவன் ஒரு சிகரத்தில் நின்று பாடினான். அவள் ஜன்னலில் நின்று எதிர்ப்பாட்டுப் பாடினாள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருவரும் நம்மையே பார்த்துப் பாடினார்கள். "அண்ணா, நீயில்லாம நான் பட்ட பாடு கொஞ்சமா, நஞ்சமான்னு தங்கச்சி கேக்கறா. மன்னிச்சிரு கண்ணுன்னு அண்ணன் சொல்றாரு" என்று நான் சேர்த்துக்கொண்டேன். மூன்றாவது வரிசையில் புஷ்பம் என்ற அம்மா விம்மத் தொடங்கினார். "எங்கண்ணனும் இப்படித்தான். நெல்லியாளத்துல இருந்துக்கிட்டு அஞ்சு வருஷமா எட்டிக்கூடப் பாக்கல" என்று பக்கத்தில் சொன்னது எனக்கே கேட்டது. என்னால் ஒரு ஊரே அழுகிறது! அந்தக் கணத்தில் எனக்கு இருந்த தன்னம்பிக்கையை வெட்டிப் பங்கு போட்டிருந்தால் நீலகிரி மாவட்டத்துக்கே போதும்.

அப்போதுதான் மேடம் நோட்டில் ஏதோ எழுதிக் கிழித்தார். மலர்விழி எழுந்து வந்து அந்தச் சீட்டை என்னிடம் கொடுத்தார். இருட்டில் படிக்க முடியவில்லை. பாராட்டாகத்தான் இருக்கும், வேறென்ன எழுதப் போகிறார்? மேடத்தைப் பார்த்துத் தலை வணங்கிவிட்டுச் சீட்டைப் பையில் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஒற்றைக் கண்ணாடியும் முறுக்கு மீசையுமாக ஒருவர் ஊரிலிருந்து அழகியைத் தேடி வந்தார். நல்ல உடுப்பு, வெள்ளிப் பிடி போட்ட கைத்தடி. "தங்கச்சிக்குப் பாத்திருக்கற மாப்பிள்ளை. தங்கமான குணம்" என்றேன். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. மூன்று நிமிடம் கழித்து அண்ணன் அந்த மாப்பிள்ளையை ஒரே குத்தில் பனியில் சாய்த்தான்.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் முருகேசன் அண்ணன் எழுந்தார். அவர் மகள் ஏழாம் வகுப்பு. "ஏனுங்க சார், மாப்பிள்ளைய எதுக்குங்க அடிக்கறாரு?"

"வரதட்சணை கேட்டுட்டாருங்க!"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. இரண்டாவது சீட்டு வந்தது. தலை வணங்கினேன். மூன்றாவது வந்தது. மறுபடியும் வணங்கினேன். நான்காவது சீட்டைக் கொடுக்கும்போது மலர்விழி ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். என் திறமையைப் பார்த்து அழுகை வந்துவிட்டது போலும் என்று நினைத்தேன்.

பிறகு நிலா வந்தது. (திரையில்தான்.) ஏரிக்கரை. இறகுத் தொப்பிக்காரன் தொப்பியைக் கழற்றினான். அழகி கண்களை மூடினாள். வயலின்கள் எகிறின. இருவரும் ஒரே பாட்டை ஒன்றாகப் பாடி, கடைசிச் சுரத்தை மூச்சுப் போகும்வரை பிடித்து, அது முடிந்ததும் முத்தமிட்டுக்கொண்டார்கள். நெற்றியில் அல்ல.

அந்தக் காலத்து முத்தம் சீக்கிரம் முடியாது.

நூறு தாய்மார்கள் நூறு பிள்ளைகளின் கண்களைப் பொத்தினார்கள். "அடக் கருமமே!" என்றார் புஷ்பம். அண்ணன் மேல் இருந்த பாசமெல்லாம் ஒரு நொடியில் வற்றிப்போன குரல்.

முருகேசன் அண்ணன் மறுபடியும் எழுந்தார். "ஏனுங்க சார்! அண்ணன் தங்கச்சின்னு சொன்னீங்களே!"

இந்த இடத்திலாவது 'தப்பாகச் சொல்லிவிட்டேன்' என்று ஒப்புக்கொண்டிருக்கலாம். நானோ மைக்கை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"அது... அவங்க நாட்டுல அப்படித்தானுங்க பாசத்தைக் காட்டுவாங்க."

"இப்படியுங்களா?" என்று பின்வரிசையில் ஒருவர் அதிர்ந்தார்.

"இல்லீங்க, அவரு தத்துப் பிள்ளை. இப்பத்தான் தெரிய வருது."

"யாருக்குங்க தெரிய வருது? அவருக்கா, உங்களுக்கா?" என்றார் முருகேசன் அண்ணன்.

"எல்லாருமே உக்காருங்க! இது கனவு சீன்! தங்கச்சி கெட்ட கனவு காணுது!"

அடுத்த காட்சியில் தேவாலய மணி அடித்தது. வெள்ளை உடுப்பும் பூச்செண்டுமாக இருவருக்கும் கல்யாணம். குண்டம்மா ஆனந்தக் கண்ணீர் வடித்தாள்.

"சார், கனவு இன்னும் முடியலீங்களா?"

விளக்கைப் போட்டுவிட்டார்கள். படம் நின்றது. மேடம் எழுந்து மேடைக்கு வந்தார். முகம் சிவந்து தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. என் வேலை போய்விட்டது, அப்பா கடையை மூடிவிட்டு ஊரைவிட்டே போக வேண்டியதுதான் என்று நினைத்தேன். மேடம் என் சட்டைப்பையைக் காட்டினார். பிறகு மைக்கைக் காட்டினார். சீட்டுகளை நானே படிக்க வேண்டுமாம்.

படித்தேன். வேறு என்ன செய்வது?

"ஒண்ணு: 'அவர்கள் அண்ணன் தங்கை அல்ல. அந்த அம்மாள் விடுதி நடத்துகிறவர்.' ரெண்டு: 'மீசைக்காரர் மாப்பிள்ளை அல்ல, வில்லன்.' மூணு: 'நீங்கள் தயவுசெய்து வணங்குவதை நிறுத்திவிட்டுச் சீட்டைப் படியுங்கள்.' நாலு..."

நான்காவது எனக்கு எழுதியதே அல்ல. 'மலர்விழி, போய் மைக்கைப் பிடுங்கு.'

அரங்கு அதிர்ந்தது. மேடமோ சத்தமே வராமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் கொட்டியது. நான் மலர்விழியைப் பார்த்தேன். "உங்களுக்கு எழுதுன சீட்டை என்கிட்ட எதுக்குங்க டீச்சர் குடுத்தீங்க?"

"கதை எங்க போயி முடியுதுன்னு பாக்க ஆசையா இருந்துச்சுங்க சார்" என்றார்.

படத்தை மறுபடியும் முதலிலிருந்து போட்டார்கள். மேடம் எழுதித் தர, மலர்விழி மைக்கில் சொன்னார். பெரிய பாடகி ஒருத்தி, தன்னை அடிமை போல் நடத்திய நாடகக் கம்பெனி முதலாளியிடமிருந்து தப்பித்து மலைக்கு ஓடி வந்து ஒரு வழிகாட்டியைக் காதலிக்கிற கதை. அழகான கதைதான். ஆனால் பாதியில் புஷ்பம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "இருந்தாலும் சார் சொன்ன அண்ணன் தங்கச்சிக் கதை மாதிரி வரலீங்க" என்றார். கடைசி பெஞ்சில் ஒளிந்திருந்த எனக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.

திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதத்தோடு மேடத்தின் முன் நின்றேன். அவர் அதை வாங்கவில்லை. சுவரில் இருந்த படங்களைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். எனக்கு யாரையும் தெரியாது என்று சொன்னேன். நோட்டில் எழுதினார்: 'சனிக்கிழமைதோறும் மூன்று மணிக்கு வரவும். முழுப் படமும். தூங்கக் கூடாது.'

தண்டனை என்றுதான் போனேன். ஆனால் இரண்டு மாதத்தில் அந்தப் படங்கள் என்னைப் பிடித்துக்கொண்டன. தொண்டை சரியான பிறகு மேடம் நிறையச் சொன்னார். ஆரம்பத்தில் மைக்கைப் பூந்தொட்டிக்குள் ஒளித்துவைத்துப் படம் பிடிப்பார்களாம். தலையைத் திருப்பினால் குரல் போய்விடும். அதனால்தான் அவர்கள் காதலியைக்கூடப் பார்க்காமல் விறைப்பாக நின்று பாடப் பழகினார்களாம். அதை அறிந்த பிறகு அந்த விறைப்பு எனக்கு வேடிக்கையாகத் தெரியவில்லை. அசையாமல் நின்றுகொண்டு அத்தனை காதலையும் குரலிலேயே கொட்டியிருக்கிறார்களே! அந்தச் சனிக்கிழமைகளுக்கு மலர்விழியும் வந்தார். அவருக்கு யாரும் தண்டனை கொடுக்கவில்லை. வேலை நிரந்தரமானது. இரண்டு வருடத்தில் கல்யாணமும் முடிவானது.

அங்கேதான் எனக்கு மிச்சக் கச்சேரி காத்திருந்தது.

முகூர்த்த நேரம். குன்னூர் மண்டபம். ஐயர் தாலியை என் கையில் கொடுத்த நொடியில், முன்வரிசையில் இருந்த முருகேசன் அண்ணன் எழுந்து நின்று சத்தமாகக் கேட்டார்: "சார், பொண்ணு என்ன முறைன்னு நல்லா விசாரிச்சுட்டீங்களா?"

பள்ளிக்கூடத்துக் கூட்டம் முழுதும் விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால் சத்தியமங்கலத்திலிருந்து வந்திருந்த மலர்விழியின் பெரியப்பா சிரிக்கவில்லை. கையைத் தூக்கி மேளத்தை நிறுத்தினார். "ஏனுங்க, உங்க குலதெய்வம் எங்கீங்க?" என்று என் அப்பாவைக் கேட்டார். அப்பா சொன்னார். அது அவர்கள் கோயில் இருக்கும் அதே ஆற்றங்கரை. பெரியப்பாவின் முகம் வெளுத்தது. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் மணமேடையைச் சுற்றி உட்கார்ந்து, பங்காளி உறவு ஏதாவது இருக்கிறதா என்று நான்கு தலைமுறையைத் தோண்டினார்கள். நான் தாலியும் கையுமாகப் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். கோயில் வேறு, சாமி வேறு என்று உறுதியான பிறகுதான் மேளம் முழங்கியது.

அந்தப் பத்து நிமிடமும் கல்யாண வீடியோவில் அப்படியே இருக்கிறது. வெட்டச் சொன்னேன், மலர்விழி விடவில்லை. விருந்தாளி யார் வந்தாலும் எங்கள் மகள் அதைப் போட்டுக் காட்டுவாள். போன வாரம்கூட அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு அவளுடைய அம்மாவிடம் கேட்டாள்: "எல்லாரும் பதறிக்கிட்டு இருக்காங்க, நீ மட்டும் எப்படிம்மா சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கே?"

"மைக்கு உங்கப்பா கையில இல்லையே, அந்த நிம்மதிதான்" என்றாள் மலர்விழி.