சாம்பார்னு சொல்லாதீங்க மாமா

"மாமா, உள்ள போயி சாம்பார்னு வாயெடுத்தீங்க, அம்புட்டுத்தான். கேன்டீன் கைவிட்டுப் போயிரும்," என்றான் சூரியபிரகாஷ்.

ஒத்தக்கடைப் பக்கம் புதிதாக வந்த கல்லூரியின் கேன்டீனை எப்படியாவது பிடித்துவிட வேண்டும் என்று தங்கப்பாண்டி தவித்துக்கொண்டிருந்தார். ரோட்டை அகலப்படுத்துகிறார்கள், அடுத்த மாதம் அவருடைய மெஸ் இடிபடப் போகிறது. அக்கா மகன் சூரியபிரகாஷோ மியூச்சுவல் ஃபண்டு விற்கிறவன். மதுரை வெயிலிலும் கோட்டுப் போடுகிற ஜாதி.

"அப்ப என்னத்தச் சொல்ல, மாப்ள?"

"லிக்விடிட்டி, லெவரேஜ், பாட்டம் லைன், வேல்யூ அடிஷன். ஊடால ஊடால சினர்ஜி."

அத்தனையையும் தங்கப்பாண்டி உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். பஸ் கம்பியைப் பிடித்து நின்றதில் பாதி வார்த்தை கம்பியோடு போயிற்று. மீதியில் முக்கால்வாசியை மறதியாகச் சட்டையில் துடைத்துவிட்டார். மைக்கறையை மறைக்க, கல்லூரி வாசலில் சூரியபிரகாஷ் தன் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டான்.

கோட்டைப் பார்த்ததும் வாட்ச்மேன் சல்யூட் அடித்தார். "இன்டர்வியூவா சார்? மாடிக்குப் போங்க."

மாடியில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவிலிருந்த கண்ணாடிக்காரர், "உங்க அப்ரோச் என்ன?" என்றார்.

தங்கப்பாண்டி கையை விரித்தார். ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம்.

"லிக்விடிட்டி."

மூவரும் குறித்துக்கொண்டார்கள்.

"ரிஸ்க் வந்தா?"

"லெவரேஜ் பண்ணிருவோம் சார்."

"அதுக்கப்புறம்?"

வேர்த்து ஊற்றியது. நினைவில் இருந்ததையெல்லாம் மொத்தமாகக் கொட்டினார். "சினர்ஜியாக் கொண்டுபோயி, பாட்டம் லைன்ல ஒரு வேல்யூ அடிஷன். அம்புட்டுத்தான் சார்."

கண்ணாடிக்காரர் மற்ற இருவரையும் பார்த்தார். அவர்கள் புரிந்ததுபோல் தலையாட்டினார்கள். தனக்கு மட்டும் புரியவில்லையோ என்று பயந்து அவரும் ஆட்டினார்.

"இவ்வளவு ஆழமா இன்னிக்கு யாருமே பேசல. திங்கக்கிழமை வந்து சேந்துக்கங்க."

தங்கப்பாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. மெஸ்ஸை நம்பியிருக்கிற நாலு குடும்பமும் பிழைத்தது. வெளியே வந்தவர், அந்த அறைக்கு டீ கொண்டுவந்த ஆயா ராமக்காளை நிறுத்தினார்.

"யக்கா, அடுப்படி எங்கிட்டு இருக்கு? திங்கக்கிழமை காலையிலயே இட்லி ஊத்தணும்."

ராமக்காள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"கேன்டீனக் கீழ் ரூமுல வேற ஆளுக்குப் பேசி முடிச்சு அரை மணி நேரமாச்சு சார். உங்கள எடுத்திருக்கிறது எம்.பி.ஏ. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த."