பதினொன்றாம் உறை

மதிய இடைவேளை முடிய நான்கு நிமிடம் இருந்தது. வேதியியல் வாத்தியார் ஆசிரியர் அறைக் குப்பைக்கூடைக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தார். சாப்பிடுவதற்கு முன் கழற்றிக் காகிதத்தில் சுற்றி வைத்த பல் உறையைக் காணவில்லை.

"என்ன சார் தேடுறீங்க?" என்றார் கணக்கு டீச்சர்.

"ஒண்ணுமில்ல டீச்சர்."

"கசங்கின பேப்பர்னா, மேஜையத் துடைக்கும்போது நான்தான் போட்டேன். அந்தக் கூடையை அப்பவே கொட்டியாச்சு. இது வேற கூடை."

வாத்தியார் கூடையிலிருந்து கையை எடுத்தார்.

அவருடைய கோணல் பல்லை நேராக்க, ஐந்து மாதத்துக்கு முன் பல் டாக்டர் இரண்டு வழி சொல்லியிருந்தார். ஒன்று கம்பி. பல்லோடு ஒட்டிவிட்டு மாதாமாதம் அவரே முறுக்குவார். இன்னொன்றில் வேலை கம்ப்யூட்டருக்கு. அது வாயைப் படம் பிடித்து, எந்தப் பல் எந்த வாரம் எவ்வளவு நகர வேண்டும் என்று கணக்குப் போடும். அதன்படி கண்ணாடி போன்ற இருபத்திரண்டு உறைகள் வரும். இரண்டு வாரத்துக்கு ஒன்று மாட்ட வேண்டும். போட்டிருப்பது யாருக்கும் தெரியாது.

"கம்பிக்கு உங்க நேர்மை தேவையில்ல சார், அது பாட்டுக்கு வாயில கிடக்கும். இதுக்குத் தேவை. ஏமாத்தினா அப்புறம் கம்பிதான்" என்று டாக்டர் சிரிக்காமல் சொன்னார்.

கம்பி என்றதும் வாத்தியாருக்கு வகுப்பின் முதல் வரிசை நினைவுக்கு வந்தது. அங்கே கம்பி போட்ட ஒரு மாணவி இருந்தாள். போன வருடம் ஓர் அலுப்பான மதியத்தில் அவளுக்குக் 'கம்பிவேலி' என்று பெயர் வைத்தவர் அவர்தான். வகுப்பே சிரித்தது, அவள் மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவள் வாத்தியாரின் வாயையே பார்ப்பதாக அவருக்குத் தோன்றும். குடுவையில் திரவம் எப்போது கொதிக்கும் என்று காத்திருப்பவளின் பொறுமை அந்தப் பார்வையில் இருந்தது.

உறை தொலைந்த அன்று மாலை வீட்டில், டாக்டரிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள் என்றாள் மனைவி. வாத்தியார் பன்னிரண்டாம் உறையை எடுத்து மாட்டினார்.

நாள் கணக்குப்படி அதற்கு இன்னும் பத்து நாள் இருந்தது. பல் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினார், ஏறியது. மறுநாள் அமிலங்களைப் பற்றிப் பாடம் நடத்தும்போது உறை நடுவில் பிளந்து நாக்கைக் கீறியது. கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு அதை ரத்தத்தோடு கைக்குள் துப்பினார். திரும்பியபோது முதல் வரிசை அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வாரம் ஒரு முறை பல்லைப் படம் எடுத்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்ப வேண்டும். ஒரு வாரமாக உறையே இல்லாத வாயைக் காட்ட அவருக்குத் தைரியம் வரவில்லை. பழைய படம் ஒன்றை அனுப்பினார். ஒரு மணி நேரத்தில் சிவப்புப் புள்ளியோடு பதில் வந்தது: 'பல் நகரவில்லை. மீண்டும் படம் அனுப்பவும்.'

மூழ்குகிறவன் கண்ணுக்கு வைக்கோலும் தோணிதான். கூடத்தில் மாமனார் உட்கார்ந்திருந்தார். எழுபத்திரண்டு வயது, முத்துக் கோத்தது போல வரிசை. வாத்தியார் டாக்டரிடம் போய்வரும் ஒவ்வொரு முறையும், "கம்பியும் வேணாம், கம்ப்யூட்டரும் வேணாம் மாப்பிள்ளை. நல்லா மென்னு தின்னாலே பல்லு சொன்னபடி நிக்கும்" என்பார்.

"மாமா, உங்க பல்லை ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"

மாமனார் நெடுநேரம் பேசவில்லை. மாப்பிள்ளைக்காகப் பொய்க்குத் துணைபோகலாமா என்று யோசிக்கும் நல்ல மனிதரின் மௌனம் அது என்று வாத்தியார் நினைத்துக்கொண்டார்.

"நீங்க எடுக்க வேணாம். போனைக் குடுங்க" என்றார் கடைசியில்.

குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது ஒன்றும் பேசாமல், அனுப்பியாகிவிட்டது என்பதுபோலத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார்.

பச்சைப் புள்ளி வந்தது: 'மிக நேர்த்தி.' அன்று வாத்தியார் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை டாக்டரே அழைத்து, உடனே வரச் சொன்னார்.

வாத்தியார் சிகிச்சை நாற்காலியில் சாய்ந்தார். மூலையில், பல் அச்சுகள் அடுக்கிய மேஜையில், லேப் டெக்னீஷியன் குனிந்து எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் வாத்தியாரின் வாய்க்குள் பார்த்தார். அப்புறம் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். மறுபடி வாய்க்குள் பார்த்தார்.

"இந்தப் போட்டோ யாரோடது சார்?"

வாத்தியாரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. குப்பைக்கூடை, பன்னிரண்டாம் உறை, பழைய படம் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டு ஒரு டப்பாவைத் திறந்தார். உள்ளே கம்பிகள் மின்னின. முதல் வரிசை கண் முன்னால் வந்து நின்றது.

"டாக்டர், ஒரு வாய்ப்பு குடுங்க. பல்லு நேரா நிக்கக் கம்பிதான் வேணும்னு இல்லையே. எங்க மாமனாரையே பாருங்க. போட்டோல இருக்கறது அவர் பல்லுதான். ஒரு சிகிச்சையும் கிடையாது, தானா அமைஞ்சது."

மூலையில் தேய்க்கும் சத்தம் நின்றது. லேப் டெக்னீஷியன் எழுந்து வந்து திரையை உற்றுப் பார்த்தார்.

"சோப்பு டப்பா மேல கழட்டி வச்சு எடுத்திருந்தாலும், நான் செஞ்ச பல்செட்டு எனக்குத் தெரியாதா சார்?"